எல்லாவற்றையும் மறதி நோயின் தலையில் போடாதீர்கள்

வீட்டில் ஒருவருக்கு டிமென்ஷியா என்று ஆகிவிட்டால், அதன் பிறகு அவருக்கு எது வந்தாலும் சுற்றியிருப்பவர்கள் சொல்வது ஒரே பதில்தான். "அந்த நோவு அப்படித்தான், என்ன பண்றது." சாப்பிடவில்லையா, அந்த நோவு. ராத்திரி கத்துகிறாரா, அந்த நோவு. நடை தள்ளாடுகிறதா, அதுவும் அந்த நோவுதான். அப்பாவைச் சில வருடங்களாக வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிற எனக்கு, இந்தப் பதிலைக் கேட்டால் இப்போதெல்லாம் கோபமே வருகிறது. ஏனென்றால் எங்களைக் கலங்கடித்த பெரிய பிரச்சினைகள் பலவற்றுக்குக் காரணம் வேறு எங்கோ இருந்தது, அதைச் சரிசெய்யவும் முடிந்தது.

அப்பா கோயம்புத்தூரில் சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு நூல் மில்லில் ஸ்பின்னிங்கில் வேலை பார்த்தவர். மில் மூடி எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. இப்போது எண்பதை நெருங்குகிறார். அம்மாவுக்கு முழங்கால் வலி, அவரைத் தாங்கிப் பிடித்து நடக்கவைக்க முடியாது, அதனால் நானும் வீட்டுக்காரரும் மகளும் அவர்கள் வீட்டுக்கே குடி வந்துவிட்டோம். தம்பி திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் இருக்கிறான்.

அப்பாவுக்கு மறதி முதலில் தெரிந்தது பெயர்களில் இல்லை, கணக்கில். மளிகைக் கடையில் மீதி எவ்வளவு வரவேண்டும் என்று தெரியாமல் கையில் இருந்த நோட்டையெல்லாம் நீட்டிக்கொண்டு நிற்பார். மாசச் செலவைப் பைசா சுத்தமாக டைரியில் எழுதியவர் அவர். அப்புறம் பழகின தெருவிலேயே திரும்ப வேண்டிய இடம் தெரியாமல் நின்றார். முதலில் போன இடத்தில் "வயசாச்சு, இது சகஜம்" என்று சத்து மாத்திரை எழுதி அனுப்பிவிட்டார்கள். 60 வயதுக்கு மேற்பட்ட இந்தியர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, கிட்டத்தட்ட 88 லட்சம் பேருக்கு, டிமென்ஷியா இருக்கலாம் என்று 2023-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு சொல்கிறது. இத்தனை பேருக்கு இருக்கிற ஒன்றை வயசு என்று சொல்லித் திருப்பி அனுப்புவது எனக்கு ஆறவே மாட்டேனென்கிறது.

நரம்பு டாக்டரிடம் போனபோதுதான் முறையாகப் பார்த்தார்கள். தைராய்டு, பி12, சோடியம், சர்க்கரை என்று ரத்தப் பரிசோதனை, தலைக்கு ஸ்கேன், அப்புறம் உட்காரவைத்துக் கேள்வி கேட்கும் நினைவாற்றல் பரிசோதனை. இவ்வளவும் எதற்கு என்று அவர் விளக்கிச் சொன்னதை மறக்க மாட்டேன். தைராய்டு குறைந்தாலும் பி12 குறைந்தாலும் மறதி வரும். எப்போதோ விழுந்து தலையில் அடிபட்டு மெதுவாக ரத்தம் கட்டியிருந்தாலும் வரும், மனச்சோர்வு கூட முதியவர்களிடம் மறதி மாதிரியே தெரியும். இவற்றுக்கெல்லாம் வைத்தியம் இருக்கிறது. இவை எதுவும் இல்லை என்று பார்த்த பிறகுதான் அல்சைமர் என்ற முடிவுக்கு வந்தார். டிமென்ஷியாவில் 60 முதல் 70 சதவீதம் வரை அல்சைமர்தான், ஆனாலும் மற்றதைத் தள்ளிவிட்டுத்தான் அதைச் சொல்ல வேண்டும். இந்தப் பரிசோதனைகள் இல்லாமல் யாராவது டிமென்ஷியா என்று சொன்னால் நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள்.

சரி, இப்போது நான் சொல்ல வந்த விஷயம். அல்சைமர் மெதுவாகத்தான் போகும். இந்தத் தீபாவளிக்கும் போன தீபாவளிக்கும் வித்தியாசம் தெரியும், நேற்றைக்கும் இன்றைக்கும் பெரிதாகத் தெரியாது. ஒரே ராத்திரியில், இரண்டு மூன்று நாளில் ஆள் தலைகீழாக மாறினால் உடம்பில் வேறு ஏதோ நடக்கிறது என்று முதலில் நினைக்க வேண்டும். அப்பா ஒருநாள் சாயங்காலத்திலிருந்து ஒரு மாதிரி ஆனார். காற்றில் எதையோ பறிப்பது போலக் கையை ஆட்டினார், அம்மாவை அடிக்க ஓங்கினார், கொஞ்ச நேரம் கழித்து எழுப்பினாலும் எழாமல் சொக்கிக் கிடந்தார். வந்து பார்த்த சொந்தக்காரர்கள் "முத்திருச்சு" என்றார்கள். தூக்க மாத்திரை வாங்கிக் கொடுக்கச் சொன்னார்கள். அம்மா மட்டும், "ரெண்டு நாளா மூத்திரம் ஒரு நாத்தம் அடிக்குது, துணி அலசறப்பவே பார்த்தேன்" என்றார். டாக்டரிடம் அதைத்தான் முதலில் சொன்னோம். யூரின் கல்ச்சரில் கிருமித் தொற்று என்று வந்தது. அதற்கான மருந்து முடிந்து கொஞ்ச நாளில் அப்பா பழைய நிலைக்குத் திரும்பினார், அதாவது மறதி இருந்தது, ஆனால் அம்மாவை அம்மாவாகத் தெரிந்தது.

இதற்கு டெலீரியம் என்று பேர். டிமென்ஷியா இருப்பவர்களுக்கு இது சீக்கிரம் வரும். மூத்திரத் தொற்று, நெஞ்சுச் சளி, தண்ணீர் குறைவது, சோடியம் குறைவது, மலச்சிக்கல், புது மாத்திரை, ஆஸ்பத்திரியில் படுத்தது, இதில் எது வேண்டுமானாலும் கிளப்பிவிடும். வயதானவர்களுக்குத் தொற்று இருந்தாலும் காய்ச்சல் அடிக்காமலே இருக்கலாம், அதனால் தெர்மாமீட்டரை மட்டும் நம்ப முடியாது. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும், கத்துகிறவரைத்தான் எல்லோரும் பார்ப்போம், திடீரென்று சத்தமே இல்லாமல் சோர்ந்து படுத்துவிட்டவரை "பாவம், இன்னைக்கு நல்லாத் தூங்கறார்" என்று விட்டுவிடுவோம். அதுவும் டெலீரியமாக இருக்கலாம், ஆபத்தும் குறைவில்லை.

அம்மா அன்றைக்கு மூத்திர வாசனையைச் சொன்னதிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். எப்போது மலம் கழித்தார், எவ்வளவு குடித்தார், எத்தனை மணிக்குத் தூங்கினார், என்ன புதிதாக நடந்தது. யார் கவனித்தாலும் அவர்களே எழுத வேண்டும். டாக்டரிடம் போய் "அப்பப்போ கோபம் வருது" என்று சொல்வதற்கும், "மூணு நாளா மோஷன் போகல, அன்னைல இருந்துதான் கோபம்" என்று சொல்வதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது.

வலியை அவரால் சொல்ல முடியாது என்பதும் எங்களுக்கு இப்படித்தான் புரிந்தது. சாப்பாட்டைத் துப்பினார், தட்டைத் தள்ளினார். கடைவாய்ப் பல் சொத்தையாகி ஈறு வீங்கியிருந்தது. இன்னொரு சமயம் கூப்பிட்டால் திரும்பவே இல்லை, காதில் அழுக்கு அடைத்திருந்தது. கால் நகம் உள்ளே வளர்ந்து குத்தியதற்கு நடக்கவே மாட்டேன் என்று உட்கார்ந்துகொண்டார். அதனால் ஏதாவது புதிதாக ஆரம்பித்தால் நான் உச்சி முதல் பாதம் வரை பார்த்துவிடுவேன். வாய், காது, வயிறு, அடிவயிறு, இடுப்பு மடிப்பு, குதிகால், நகம். குளிப்பாட்டும்போது பார்த்தால் தனியாக நேரம் தேவையில்லை.

அடுத்தது மாத்திரை. சளிக்கும் அரிப்புக்கும் மருந்துக் கடையில் சும்மா வாங்கிப் போடுகிறோமே, அந்தத் தூக்கம் வரவைக்கும் அலர்ஜி மாத்திரைகளில் பல, டிமென்ஷியா இருப்பவர்களின் குழப்பத்தைக் கூட்டும். அடிக்கடி மூத்திரம் போவதைக் குறைக்கத் தரும் சில மாத்திரைகளும் அப்படித்தான். டோனபெசில் மாதிரியான ஞாபக மருந்துகள் ஒருவிதத்தில் மூளைக்கு உதவப் பார்க்க, இவை நேர் எதிராக இழுக்கும். எந்த டாக்டரிடம் போனாலும் வீட்டில் உள்ள எல்லா அட்டைகளையும் ஒரே பையில் போட்டு எடுத்துப் போகிறேன், கண் சொட்டு மருந்து, நாட்டு மருந்துப் பொட்டலம் உட்பட. டோனபெசில் ஆரம்பித்ததும் வயிற்றுப்போக்கு வரலாம், நாடித்துடிப்பு குறையலாம், அதையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கோபத்தை அடக்கத் தரும் மனநோய் மருந்துகளைப் பற்றி இன்னும் கவனம் வேண்டும். டிமென்ஷியா உள்ள முதியவர்களுக்கு அவற்றால் உயிராபத்து கூடுகிறது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005-இலேயே எச்சரித்திருக்கிறது. சில நேரம் வேறு வழியில்லாமல் தேவைப்படும், அதை மறுக்கவில்லை. ஆனால் எழுதும்போதே "எத்தனை நாளைக்கு, எப்ப குறைப்பீங்க" என்று கேளுங்கள். நீங்களாகத் திடீரென்று நிறுத்தவும் கூடாது.

உடம்பைப் பார்த்தாயிற்று, ஒன்றும் இல்லை என்றால் அடுத்து நேரத்தையும் இடத்தையும் பார்க்க வேண்டும். அப்பாவுக்குச் சாயங்காலம் ஆனால் ஒரு தவிப்பு வரும். பொழுது சாயும்போது எழுந்து வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, "அம்மிணி, சங்கு ஊதிருச்சா, நேரமாச்சு, சைடு ஓடிட்டு இருக்கும்" என்று வாசலுக்குப் போவார். சைடு என்றால் மில்லில் அவர் பார்த்துக்கொண்ட நூற்பு மெஷின். மில் இல்லை, இடித்துவிட்டார்கள் என்று சொன்னால் அவருக்கு அது புதுச் செய்தி. ஒவ்வொரு தடவையும் வேலை போன துக்கத்தை முதல்முறையாகப் பட வேண்டும். அந்தக் கொடுமையைச் செய்ய எனக்கு மனசில்லை. "இன்னைக்கு வார லீவுங்கப்பா, டீ சாப்பிடுங்க" என்பேன். பொய் சொல்வது தப்பில்லையா என்று மகள் கேட்டாள். தாத்தா கேட்பது மில் இருக்கிறதா என்று இல்லை, தான் போகவேண்டிய இடத்துக்குப் போகாமல் இருக்கிறோமோ என்று பயப்படுகிறார், அந்தப் பயத்துக்குத்தான் பதில் சொல்கிறேன் என்றேன். அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

வாழ்நாளெல்லாம் ஷிஃப்ட் மாறி மாறி வேலை செய்த உடம்பு அது. அதனால் பகலைப் பகலாகவும் இரவை இரவாகவும் அவருக்குக் காட்ட வேண்டியிருந்தது. காலையில் வெயிலில் கொஞ்ச நேரம் நடை, மத்தியானத் தூக்கம் குறைவு, மூன்று மணிக்கு மேல் காபி டீ இல்லை, சாயங்காலம் "டீ" என்று கொடுப்பது சுக்குப் பாலைத்தான். இருட்டும் முன்பே எல்லா விளக்கையும் போட்டுவிடுவோம், ஜன்னலை மூடித் திரையை இழுத்துவிடுவோம், ஏனென்றால் கண்ணாடியில் தன் உருவம் தெரிந்தால் யாரோ வெளியே நிற்கிறார்கள் என்று நினைக்கிறார். பீரோக் கண்ணாடிக்கும் துணி போட்டாயிற்று. டிவியில் சண்டைக் காட்சி வந்தால் அது கூடத்திலேயே நடக்கிறது அவருக்கு, அதனால் அந்த நேரத்தில் டிவி கிடையாது.

அப்புறம் கைக்கு வேலை. போர்வையின் நூலை உருவிக்கொண்டே இருந்தார், கிழித்தும் விட்டார். வீட்டுக்காரர் ஒரு கோன் நூல் வாங்கி வந்து கொடுத்தார். அப்பா அதைக் கையில் வாங்கி, நூலை அறுத்து, கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து ஒரு திருகு திருகி மறுபடி ஒட்டினார். முடிச்சே தெரியாது. என் பேரை மறந்த அப்பாவுக்கு அது மறக்கவில்லை. இப்போது சாயங்காலத்தில் அந்தத் தவிப்பு வருவதற்கு முன்பே கோனைக் கையில் கொடுத்துவிடுகிறோம். உங்கள் வீட்டில் அது பூக்கட்டுவதாக இருக்கலாம், வெங்காயம் உரிப்பதாக, பழைய ரசீதுகளை அடுக்குவதாக இருக்கலாம். குழந்தைகளுக்கான புதிர் விளையாட்டு வாங்கிக் கொடுக்காதீர்கள், அது அவர்களுக்குப் பெரிய அவமானமாகத் தெரியும்.

அம்மாவைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். அப்பா பணத்தை எங்காவது ஒளித்துவைப்பார், மறந்துவிடுவார், "இவதான் எடுத்துட்டா" என்று அம்மாவைச் சொல்வார். ஐம்பது வருடத்துக்கு மேல் கூட வாழ்ந்தவர் வாயிலிருந்து வருகிற அந்த வார்த்தையை, நோய் என்று தெரிந்தாலும் தாங்குவது கஷ்டம். அம்மா தன் பக்கத்து நியாயத்தை எடுத்துச் சொல்லச் சொல்ல அவர் கோபம் ஏறும். பத்து ரூபாய் நோட்டுகள் போட்டு ஒரே மாதிரி இரண்டு பர்ஸ் வைத்திருக்கிறோம். ஒன்று தொலைந்தால் "வாங்கப்பா தேடலாம்" என்று கூடவே போய், இன்னொன்றை எடுத்துத் தருகிறோம். அவருக்கு அடங்கிவிடும். அம்மாவுக்கு அடங்காது. யாராவது ஒருவர் அம்மாவுடன் உட்கார்ந்து அவர் சொல்வதைக் கேட்க வேண்டும், கோயிலுக்கோ தங்கச்சி வீட்டுக்கோ கூட்டிப்போக வேண்டும். நோயாளியைக் கவனிக்க ஆள் வைக்கும் வீடுகளில் பக்கத்தில் இருக்கிற இந்த இரண்டாவது ஆளை யாரும் கணக்கிலேயே எடுப்பதில்லை.

வீட்டைக் கொஞ்சம் மாற்றினோம். பாத்ரூமின் உள்பக்கத் தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டோம், கைப்பிடிக் கம்பி அடித்தோம், ராத்திரியில் கட்டிலிலிருந்து பாத்ரூம் வரை சின்ன விளக்கு எரியும். கறுப்புக் கால்மிதி அவர் கண்ணுக்குக் குழியாகத் தெரிந்தது, தாண்டப் பார்த்துத் தடுமாறினார், எடுத்தாயிற்று. வேட்டி அவிழ்ந்து காலில் சிக்குவது பெரிய ஆபத்து, பேன்ட் போடவே மாட்டேன் என்றார், வெல்க்ரோ ஒட்டுகிற வேட்டி அந்தச் சண்டையை முடித்துவைத்தது. குளிக்க வைக்கும்போது தலையில் தண்ணீர் ஊற்றி ஆரம்பித்தால் பயந்து கத்துவார். ஸ்டூலில் உட்காரவைத்து, தோளில் ஒரு துண்டைப் போர்த்தி, வெதுவெதுப்பான தண்ணீரைப் பாதத்தில் ஊற்றி, மக்கை அவர் கையிலேயே கொடுத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. ஒருநாள் வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள், ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

அவர் ஒருமுறை மில் இருந்த பக்கமாக நடந்து போய்விட்டார். தெருமுனை டீக்கடைக்காரர் பார்த்து உட்காரவைத்து எங்களுக்குப் போன் செய்தார். அவருக்கு முன்பே சொல்லி வைத்திருந்ததால்தான் அது நடந்தது. டீக்கடை, ஆட்டோ ஸ்டாண்ட், சலவைக் கடை, எல்லா இடத்திலும் அப்பாவுக்கு இப்படி என்று சொல்லி, நம்பர் கொடுத்திருக்கிறோம். சட்டைப்பை உள்பக்கத்தில் போன் நம்பர் தைத்திருக்கிறது. குடும்ப கௌரவம் என்று மறைத்து வைக்கிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. காணாமல் போன அன்றைக்குத் தெருவே தேட வேண்டும் என்றால், தெருவுக்கு முன்னமே தெரிந்திருக்க வேண்டும். நீங்களே தேடி நேரத்தைப் போக்காமல் சீக்கிரமே 112-க்கும் சொல்லிவிடுங்கள்.

பகலில் நான் தையல் வேலைக்குப் போவதால் ஓர் அக்காவை வைத்திருக்கிறோம், ஏஜென்சி வழியாக வந்தவர். அவருக்கு முன் வந்தவர்கள் நிலைக்கவில்லை, ஒருவர் போனிலேயே இருந்தார், ஒருவர் அப்பாவை அதட்டினார். வேலைக்கு ஆள் எடுக்கும்போது அனுபவத்தை விட, பதில் வராத ஆளிடம் பேசிக்கொண்டே வேலை செய்ய முடிகிறதா என்று பார்க்கிறேன். முதல் சில நாட்கள் கூடவே இருந்து, அப்பாவைப் பற்றி ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தோம். எப்படிக் கூப்பிட்டால் திரும்புவார், சூடு எவ்வளவு இருந்தால் குடிப்பார், இடது தோள் வலிக்கும், தூக்கும்போது கையைப் பிடித்து இழுக்கக் கூடாது. நாம் கொடுக்கிற பணம் முழுவதும் அவர் கைக்குப் போவதில்லை என்பதையும் மனதில் வையுங்கள். நாம் சாப்பிடுவதையே அவருக்கும் கொடுங்கள், வார விடுமுறையைப் பறிக்காதீர்கள். அப்பாவின் இடுப்பில் தோல் சிவந்திருப்பதை முதலில் பார்த்தவர் அந்த அக்காதான். படுக்கைப் புண் ஆகும் முன் பிடித்துவிட்டோம். படுத்தே இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிவிட வேண்டும் என்று சொல்லித் தந்ததும் அவர்தான்.

தம்பியோடு ஒருநாள் உட்கார்ந்து பேசி முறை போட்டோம். சனிக்கிழமை ராத்திரி அவன் வந்து அப்பா பக்கத்தில் படுப்பான், நான் அறைக்கதவைச் சாத்தித் தூங்குவேன். டயப்பர் செலவு, ஆள் சம்பளம் இரண்டும் பாதிப் பாதி. ராத்திரி தூங்காத ஒருவரால் பகலில் பொறுமையாக இருக்கவே முடியாது. தூரத்தில் இருக்கும் பிள்ளைகள் போனில் ஆலோசனை சொல்வதை விட ஒரு ராத்திரியை எடுத்துக்கொண்டால் போதும்.

காகித வேலைகளை அவருக்குக் கையெழுத்து வரும்போதே முடித்துவிடுங்கள். நம் சார்பில் காரியம் பார்க்கும் அதிகாரத்தைத் தரும் பவர் பத்திரத்தை எழுதி வாங்கிவிட்டால் போதும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். எழுதிக் கொடுத்தவர் சித்தம் தெளிவில்லாத நிலைக்குப் போய்விட்டால் அந்த அதிகாரம் முடிந்துவிடும், இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 201-ஆவது பிரிவு அப்படித்தான் சொல்கிறது. வங்கிக் கணக்கை இருவரில் யாரும் இயக்கும் கூட்டுக் கணக்காக மாற்றியதுதான் எங்களுக்குக் கை கொடுத்தது. பி.எஃப். பென்ஷனுக்கு வருடாவருடம் கொடுக்கும் உயிர்வாழ் சான்றை இப்போது செல்போனில் முகத்தைக் காட்டியே கொடுக்கலாம், தபால்காரரை வீட்டுக்கு வரவழைத்தும் செய்யலாம். வருமான வரி கட்டுகிற பிள்ளைகள் யாராவது இருந்தால், பழைய வரி முறையில் 80டிடிபி என்று சொல்லப்படும் கழிவு இருக்கிறது, பட்டியலிட்ட சில நோய்களுக்கு மூத்த குடிமக்களின் வைத்தியச் செலவில் 1 லட்சம் ரூபாய் வரை கழித்துக்கொள்ளலாம். டிமென்ஷியா அந்தப் பட்டியலில் இருக்கிறது, பாதிப்பு 40 சதவீதமோ அதற்கு மேலோ என்று நிபுணரின் சான்று வேண்டும்.

சர்க்கரைக்கும் பிரஷருக்கும் வீட்டுக்கு வந்து பார்க்கிற மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021-இலிருந்து இருக்கிறது, நடமாட முடியாதவர்களுக்குப் பிசியோதெரபியும் வலி நிவாரணப் பராமரிப்பும் அதில் உண்டு. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பேர் பதிந்து வையுங்கள். முதியவர்களுக்கான உதவி எண் 14567. மனசு தாங்காமல் போனால் கவனித்துக்கொள்கிறவர்களும் 14416-இல் பேசலாம், தமிழிலேயே பேசுவார்கள்.

இப்போது அப்பாவுக்கு விழுங்குவது கஷ்டமாகிக்கொண்டு வருகிறது. தண்ணீர்தான் அதிகம் புரையேறுகிறது, கெட்டியாக இருப்பது இறங்குகிறது. அரிசிம்பருப்பு சாதத்தை நன்றாகக் குழைத்து, நெய் விட்டு, நிமிர்த்தி உட்காரவைத்து, சின்னக் கரண்டியில் ஒருவாய் இறங்கியது தெரிந்த பிறகு அடுத்த வாய். சாப்பிட்டதும் அரைமணி நேரமாவது படுக்க வைப்பதில்லை. இனிமேல் என்ன என்பதை டாக்டரிடம் கேட்டோம். நோய் முற்றிய கட்டத்தில் மூக்கு வழியாகவோ வயிறு வழியாகவோ குழாய் போடுவது ஆயுளைக் கூட்டுவதாகவோ நிமோனியாவைத் தடுப்பதாகவோ ஆய்வுகளில் தெரியவில்லை, கையால் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டுவதே நல்லது என்றார். அம்மா, நான், தம்பி மூவரும் பேசி, குழாய் வேண்டாம், கையால் எவ்வளவு இறங்குமோ அவ்வளவு என்று முடிவு செய்தோம். பேசும்போது தம்பி அழுதான், அம்மா அழவில்லை. முடிவை ஒரு தாளில் எழுதி, மூவரும் கையெழுத்துப் போட்டு, அப்பாவின் ஆஸ்பத்திரி ஃபைலில் முதல் பக்கமாக வைத்திருக்கிறோம், நடுராத்திரியில் ஆம்புலன்ஸில் போக நேர்ந்தால் யார் கூடப் போனாலும் அதைக் காட்ட வேண்டும் என்பதற்காக.